முப்பத்தொரு மதிப்பெண்

முதலில் நுரையைத்தான் பார்த்தேன். கழிவறையில் சிறுநீர் போன இடத்தில் சோப்புத் தண்ணீர் கொட்டியது மாதிரி நுரை நின்றது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரரைத் திட்டினேன். எங்கள் வீட்டில் கழிவறை கழுவுகிறவர் அவர்தான். "சோப்புப் பவுடர வாழைக்கு உரம் வைக்க மாதிரி அள்ளி வைக்கியளா? போட்டா நல்லா தண்ணிய ஊத்திக் கழுவித் தொலைக்கத் தெரியாதா?" என்று கத்தினேன். அவர் மறுபடி கழுவிவிட்டு வந்தார். மறுநாளும் நுரை. மறுநாளும் திட்டு. ஒரு மாதத்துக்கும் மேல் அந்த மனுஷன், சுத்தமாக இருந்த கழிவறையை எனக்காகத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

நான் கணக்கு டீச்சர். முக்கூடலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஆறு, இன்னொரு பக்கம் ஐந்து நிமிஷ நடையில் பள்ளிக்கூடம். இருபத்தெட்டு வருஷமாக ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் கத்திக் கத்தி வீட்டிலும் எனக்கு அதே சத்தம்தான் வரும். கூடவே தலைவலியும் வரும். தலைவலி வந்தால் மருந்துக்கடையில் வலி மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போவேன். "பிரஷர் பாத்துக்கிடுங்க டீச்சர்" என்று யாராவது சொன்னால், "எனக்குப் பிரஷரே நீங்கள்லாம்தான்" என்பேன். அந்தத் தலைவலியே ரத்த அழுத்தத்தால் வந்தது என்பதும், அதற்குப் போட்ட மாத்திரை வருஷக்கணக்கில் சிறுநீரகத்தை அரித்தது என்பதும் எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

காலில் செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம் வரை பள்ளமாகவே நின்ற பிறகுதான் பயம் வந்தது. திருநெல்வேலிக்குப் போய் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தோம். சிறுநீரக டாக்டர் மெதுவாகப் பேசுகிற மனிதர். நுரை சோப்பு இல்லை, உடம்பிலிருந்து புரதம் ஒழுகிப் போகிறது என்றார். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூத்துக்கு எவ்வளவு வேலை செய்யுது சார்?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு."

"முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸு. அப்போ பாஸ்தானே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "பாஸ்தான் டீச்சர். ஆனா இது படிச்சு ஏத்துத மார்க்கு இல்ல. போனது போனதுதான். இருக்கது இறங்காமப் பாத்துக்கிட்டா அதுவே பெரிய காரியம்." பதினைந்துக்குக் கீழே போனால் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ ஆயத்தமாக வேண்டும் என்றும் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும், ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, அவரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடவே கூடாது. பிறகு ஒரு தாளில் இரண்டு அவரை விதைகளை வரைந்து விளக்கினார். நல்ல நிலையில் இருக்கிற இரண்டு சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ரத்தத்திலிருந்து வடிக்கிற நீர் கிட்டத்தட்ட நூற்றெண்பது லிட்டராம். வேண்டியதையெல்லாம் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் கழிவோடு வெளியே விடுமாம்.

பஸ் திருநெல்வேலியை விட்டுப் பேட்டையைத் தாண்டியது. என் வீட்டுக்காரர் வாழை விவசாயி. ஆற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். நாற்பது வருஷமாக வாய்க்கால் தண்ணீரை மடை வெட்டி வெட்டிப் பாய்ச்சிய ஆள். திடீரென்று, "நூத்தியெம்பது லிட்டருன்னா நம்ம வீட்டுத் தண்ணிக் கேனு ஒம்பதுல்லா?" என்றார். ஆமாம் என்றேன். "ஒம்பது கேனு தண்ணியையும் வடிச்சு, நல்லத உள்ள திருப்பி, கழிவ மட்டும் வெளிய விடுதுன்னா... அங்கன யாருட்டி மடை பாக்கா?"

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். மூர்த்தி சிறிது கீர்த்தி பெரிது என்று எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன். கைமுட்டி அளவில் இரண்டு, முதுகுப் பக்கம் ஒளிந்துகொண்டு, நான் தூங்கும்போதும் கத்தும்போதும் ஐம்பத்தைந்து வருஷம் ஒரு மணி நேரம்கூட விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்திருக்கின்றன. ஒருநாள் நினைத்துப் பார்த்திருப்பேனா? பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் ஒரே மகளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம். நான் டயாலிசிஸ் என்ற சொல்லை முடிப்பதற்குள், "எதுக்கும்மா அதெல்லாம்? நான் இருக்கேம்லா. எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ண எடுத்துக்கோ" என்றாள், பேனா கடன் கொடுக்கிற மாதிரி.

"வாய மூடுட்டி! ஒன் வயித்துல கத்தி வைக்கதுக்கா ஒன்னப் பெத்தேன்?" என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன். முப்பத்தெட்டோ இருபத்தெட்டோ, எனக்குள் இருக்கிற இந்த இரண்டையும் வைத்தே நான் காலத்தை ஓட்ட வேண்டும். அவளுடையது அவளிடமே இருக்க வேண்டும்.

அந்த வைராக்கியத்தோடு நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவருக்கு நோவு என்றால் வெறுங்கையோடு யாரும் பார்க்க வரமாட்டார்கள். சிறுநீரகம் என்று கேட்டவுடன் தெருவே வாழைத்தண்டோடு வந்தது. பக்கத்து வீட்டு மதினி முதல் நாளே சொன்னாள்: "கிட்னிக்குத் தண்டு மாதிரி மருந்து உண்டுமா மதினி? எங்க வீட்ல அவியளுக்குக் கல்லு இருந்துதுல்லா, ரெண்டே வாரத்துல விழுந்துட்டு." எனக்குக் கல் இல்லை என்று யார் யோசித்தார்கள்? கணக்கில் ஒரு குறி மாறினால் பிள்ளைகளை உண்டு இல்லை என்று ஆக்குகிற நானே யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கோ முகமே மலர்ந்துவிட்டது. பெண்டாட்டி நோவுக்கு மருந்து அவருடைய சொந்தத் தோட்டத்திலேயே நிற்கிறது! தினமும் விடிந்ததும் போய், குலை வெட்டிய வாழையாகப் பார்த்துச் சாய்த்து, பட்டை உரித்து, உள்தண்டை எடுத்து வருவார். வட்டம் வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, மோர் விட்டு அரைத்து, ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுப்பார். மத்தியானம் இளநீர். ராத்திரி சாப்பிட்டதும் ஒரு கோழிக்கூடு வாழைப்பழம். நான்கு மாதம். இடையில் டாக்டரைப் பார்க்கப் போகவேண்டிய தேதியையும் விட்டுவிட்டோம், உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று.

ஒருநாள் பத்தாம் வகுப்பில் நேர்கோட்டின் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் அச்சு வரைய சாக்பீஸைத் தூக்கினேன், கை வரவில்லை. தோளிலிருந்து மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனத்தது. நெஞ்சுக்குள் ஏதோ தடுமாறித் தடுமாறி நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர்தான் கார் பிடித்து, வழியில் என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈசிஜி எடுத்த நர்ஸ், தாளைப் பார்த்ததும் நடந்து போகவில்லை, ஓடினாள். ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், மறுபடியும் ஊசி. கொஞ்சம் அடங்கிய பிறகு டாக்டர் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். என் இதயம் வரைந்த கோடு கூடாரம் கூடாரமாகக் குத்தி நின்றது. ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார். "வீட்ல என்ன சாப்பிடுதாங்க?"

என் வீட்டுக்காரர் முன்னால் வந்து பெருமையாகச் சொன்னார்: "வாழைத்தண்டுச் சாறுதான் சார். ஒருநாளு விடாம நானே எடுத்துக் குடுக்கேன். நம்ம தோட்டத்துத் தண்டு, பூச்சிமருந்து படாதது."

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, தண்டும் இளநீரும் வாழைப்பழமும் நல்ல கிட்னி இருக்கவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. கூடுதல் பொட்டாசியத்த அது வெளிய தள்ளிரும். இவங்க கிட்னியால தள்ள முடியல. உள்ளயே தேங்கிட்டு. கல்லுக்குக் கேட்ட வைத்தியத்த இவங்களுக்குப் பண்ணிட்டீங்க." தண்டில் இருக்கிற உப்புச் சத்து சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கலாம் என்றார். மதிப்பெண் இருபத்தேழு. ஃபெயில்.

என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் நின்றார். கட்டிலிலிருந்து அவர் முதுகு மட்டும் தெரிந்தது. துண்டை எடுத்து முகத்தில் வைத்தவர், வெகுநேரம் எடுக்கவே இல்லை. எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. எனக்குத் திட்ட வராதது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அடுப்படியில் கத்திச் சத்தம் கேட்டு எழுந்தேன். மனுஷன் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காரட், பீன்ஸ், கத்திரிக்காய், எல்லாம் பொடிப்பொடியாக. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிறவர் சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறாராம். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்துக் கொட்டினால் காயிலிருக்கிற பொட்டாசியம் பெரும்பாலும் போய்விடுமாம். உப்புக்கு ஒரு சின்னக் கரண்டி. காலையில் அதில் தலைதட்டி அளந்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பார், அன்றைக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் மதினி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நான் தட்டைத் தள்ளினால், அதே சோற்றை, அதே வெஞ்சனத்தை அவரும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒருநாள் பார்க்காத நேரத்தில் உப்பு போட்டுக்கொள்கிறாரா என்று கதவிடுக்கில் நின்று உளவு பார்த்தேன். போடவில்லை.

தோட்டத்திலிருந்து பழம், பூ, தண்டு எதுவும் வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். இலை மட்டும் கொண்டுவருவார். தினமும் எனக்கு ஒரு தலைவாழை இலை. "இதுல ஒரு தோஷமும் கெடையாது, டாக்டரக் கேட்டுட்டேன்" என்றார். இலையில் சாப்பிடுவதற்குமா டாக்டரைக் கேட்பது! சிரித்தேன், பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். முப்பது வருஷம் கூடவே இருந்தும் இந்த ஆளை நான் சரியாகப் பார்த்ததில்லை.

தண்டு கெடுத்ததில் கொஞ்சம் மட்டும் திரும்பி, மூன்று மாதத்தில் மதிப்பெண் முப்பத்தொன்றுக்கு வந்தது. இதற்கு மேல் ஏறாது, இதைக் காப்பாற்றுங்கள் என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சம்மந்தியம்மா போன் செய்தாள். சுற்றி வளைத்துவிட்டுக் கேட்டாள்: "கல்யாணமாயி ரெண்டு வருசம் ஓடிட்டே, புள்ளைகிட்ட எதும் கேட்டியளா? எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. ஊரு வாய மூட ஒலமூடியா இருக்கு?"

நான் உடனே மகளைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே சத்தம்தான். "என்னட்டி நெனச்சிட்டிருக்க? வேலை வேலைன்னு எத்தன நாளு தள்ளிப்போடுவ?" அவள் பேசாமல் இருந்தால் எனக்கு இன்னும் ஏறும். கத்திக்கொண்டே போனேன். கடைசியில் அவள் சொன்னாள்:

"ஒனக்குத் தேவப்படுத நேரத்துல நான் வயித்துல புள்ளையோட இருந்தா என்னம்மா செய்ய? அப்போ எடுக்க மாட்டாவளாம். நான் டெஸ்ட்டெல்லாம் பண்ணிட்டேன். பொருந்துதாம். அவருக்கும் தெரியும். ஒன் விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும்னு இருக்கோம்."

நான் குடித்த ஒவ்வொரு டம்ளர் தண்டுச் சாறும் என் பேரப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அவள் வயிற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் இங்கே சபதம் போட்டுக்கொண்டிருந்தேன். அவளோ அங்கே அதைப் பூட்டி, சாவியை எனக்காகக் கையில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூறுகெட்டவளே என்று திட்டினேன், கெஞ்சினேன், செத்துப்போவேன் என்று மிரட்டினேன். என் மகள்தானே, மசியவில்லை. முடிவில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை. ரெண்டு வருஷத்துக்கு எட்டு. எட்டிலும் முப்பதுக்குக் குறையாமல் எடுத்துக்காட்ட வேண்டும். "காட்டு, அப்புறம் பாக்கலாம்" என்றாள். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பரீட்சை வைத்த எனக்கு என் மகள் பரீட்சை வைத்தாள்.

பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு கட்டத்தாளை ஒட்டினேன். குறுக்கே மாதம், நெடுக்கே மதிப்பெண். பழைய புள்ளிகளை முதலில் வைத்தேன்: முப்பத்தெட்டு, இருபத்தேழு, முப்பத்தொன்று. அடுத்தது முப்பத்தொன்று. அதற்கடுத்தது முப்பது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு முப்பத்திரண்டு. உறவில் ஒரு கல்யாணம், மறுநாள் மறுவீட்டு விருந்தில் சொதிக் குழம்பு. தேங்காய்ப் பாலும் உருளைக்கிழங்குமாக மணம் வாசலுக்கே வந்தது. நான் இஞ்சிப் பச்சடியைக்கூடத் தொடாமல் வெறும் சோற்றில் வீட்டிலிருந்து உப்பளந்து கொண்டுபோன ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். ஏழாவது பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்னால் கடைவாய்ப் பல் வலி வந்து கன்னம் வீங்கியது. மருந்துக்கடைக்காரர் பழக்கத்தில் அந்தப் பழைய மாத்திரையை எடுத்து நீட்டினார். "ஒண்ணு போட்டா என்ன டீச்சர், சட்டுனு கேக்கும்" என்றார். "அந்தச் சவத்த உள்ள வைங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, டாக்டருக்குப் போன் செய்து அவர் சொன்னதை மட்டும் போட்டுக்கொண்டு, மூன்று நாள் பல்லைக் கடிக்கவும் முடியாமல் கிடந்தேன். ஏழாவது, முப்பத்தொன்று.

எட்டாவது பரிசோதனையின் தாளை வாங்கி ஆஸ்பத்திரி வாசலிலேயே பிரித்தேன். முப்பத்தொன்று. வீட்டுக்கு வந்து புள்ளியை வைத்து அளவுகோலைப் பிடித்துக் கோடு போட்டேன். அங்கங்கே ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம், மற்றபடி படுக்கைக்கோடு. சாய்வு பூஜ்யம். இருபத்தெட்டு வருஷம் இதைக் கரும்பலகையில் போட்டு, "இதுல ஒண்ணும் நடக்கல, தட்டையா போவுது, அடுத்தத பாருங்க" என்று தாண்டிப் போயிருக்கிறேன். ஒன்றும் நடக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம்! உள்ளே மூன்றில் இரண்டு பங்கு வேலையாட்கள் போய்விட்ட பிறகும், மிச்சம் இருக்கிறவை அத்தனை பேர் வேலையையும் தூக்கிச் சுமந்து இரண்டு வருஷம் இந்தக் கோட்டைச் சாயவிடாமல் பிடித்திருக்கின்றன. நான் அவற்றுக்குச் செய்ததெல்லாம் கொஞ்சம் உப்பைக் குறைத்தது, மாத்திரையை மறக்காதது, வாயைக் கட்டியது. பீரோக் கதவுக்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். யாரை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தாளைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷம் கழித்து ஒரே ஒரு வார்த்தை வந்தது: "பாஸ்."

போன தை மாதம் பேரன் பிறந்தான். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், பழைய நூல் சேலைத் துண்டு ஒன்றை மடியில் விரித்து அவனைப் படுக்கவைத்திருந்தேன். மகள் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவளுடைய இரண்டும் அவளுக்குள்ளேயே இருந்தன. பயல் காலை ஒரு உதை உதைத்தான், முகத்தைச் சுளித்தான். சர்ரென்று என் மடி நனைந்தது. துணியைத் தாண்டி, சேலையைத் தாண்டித் தொடை வரை சுடச்சுட இறங்கியது.

"ஐயோ, அம்மா சேலை போச்சு!" என்று மகள் எழப்பார்த்தாள். நான் அசையவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தேன். விரலால் தொட்டும் பார்த்தேன்.

தோட்டத்திலிருந்து இலையோடு வந்த என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றுவிட்டார். "என்னத்தட்டி அப்படிக் குனிஞ்சு பாக்க?"

"நுரை இல்லங்க" என்றேன்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்த ஈரத்தைப் பார்த்தார். பேரன் முகத்தைப் பார்த்தார். "மடை நல்லாவே பாக்கான்" என்றார்.

மகள் மாற்றுச் சேலை எடுத்து நீட்டினாள். "பைய மாத்திக்கிடுதேன், அங்கன வையி" என்று சொல்லிவிட்டு, நனைந்த மடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.